அழகுத்தாய் வெட்டிய குளம்பு

பொம்பளை கையில் கவாத்துக் கத்தியைக் கொடுக்க மாட்டேன் என்று இருபத்தாறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். தேயிலைச் செடியை நாலு வருடத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே மொட்டையாக வெட்டி இறக்குவார்கள். அதுதான் கவாத்து. அது ஆம்பளை வேலை, பொம்பளைகள் கொழுந்து கிள்ளினால் போதும் என்று சட்டம் பேசுவேன். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. எனக்கு முந்தி இருந்தவர் சொன்னார், நானும் சொன்னேன், அவ்வளவுதான்.

வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் எஸ்டேட். முதலாளி ஃபாக்டரியைப் பூட்டிவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது. யூனியன்காரர்கள் கூடிப் பேசி, செடிகளை வீட்டுக்கு வீடு பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அவரவர் பங்கில் கொழுந்து கிள்ளி அவரவர் விற்றுக்கொள்ள வேண்டியது. சூப்பர்வைசருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் நான் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு, கவாத்து உயரம் பார்க்கிற அளவுக்கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றி வருவேன். "மஸ்டர் எடுக்க, ஆள் கணக்குப் பாக்கப் போறாரு மகராசன்" என்று என் மனைவி வனிதா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள். என் காதில் விழும்படிதான் சொல்வாள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு அழகுத்தாயுடையது. வயது ஐம்பத்திரண்டு. பிள்ளை குட்டி இல்லை. புருசன் சுடலை கவாத்துக்காரன், நல்ல கை. மாங்காய்ச் சீசனுக்குப் பெட்டி அடுக்கப் போகிறேன் என்று முதலமடைக்குப் போனான். முதல் வருடம் சீசன் முடிந்ததும் திரும்பினான். அடுத்த வருடம் மழை பிடித்த பிறகு வந்தான். அதற்கடுத்த வருடம் வரவில்லை. கொஞ்ச நாள் போன் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. அங்கே தோப்புக்குள் ஒரு பொம்பளையோடு இருக்கிறான் என்று மாங்காய் லாரிக்காரன் ஒருத்தன் டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குச் சாயங்காலமே நாலு பேர் போய் அழகுத்தாயிடம் சொல்லிவிட்டார்கள். "அப்படியா" என்றாளாம். அதோடு சரி. அழவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போனாளாம். சொன்னவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

ஆம்பளைகள் பாதிப் பேர் கட்டட வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் போய்விட்டதால் கவாத்துக்கு ஆளில்லை. செடியெல்லாம் மரமாகி, கொழுந்து கைக்கு எட்டாமல் போயிற்று. ஒருநாள் அழகுத்தாய் சுடலையின் கத்தியை எடுத்துத் தீட்டி, தன் பங்குச் செடியைத் தானே வெட்ட ஆரம்பித்தாள். நான் ரோட்டில் நின்று சிரித்தேன். "கத்தி கால்ல பட்டுச்சுன்னா ஜீப்புக்கு நான்தான் அலையணும்" என்றேன். அவள் நிமிரக்கூட இல்லை. சாயங்காலம் அவள் போன பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு வெட்டும் சாய்வாக, வழுவழுவென்று, ஒரு கொம்புகூடப் பிளக்காமல் இருந்தது. குறை கண்டுபிடிக்க அரை மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பில்லை என்று வனிதாவோடு சண்டை போட்டேன். அடுத்த வருடம் எங்கள் மலையில் முக்கால்வாசிப் பேர் அழகுத்தாயைத்தான் கவாத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் பங்குக்கும் அவள்தான் வந்தாள். நான் அளவுக்கம்பை நட்டு, "இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு" என்று சொல்லிக்கொண்டே நிற்பேன். அவள் பாட்டுக்கு வெட்டுவாள்.

போன வருடம் ஜூன் மாதம் முதல் வாரம் குதிரை வந்தது. வந்தது என்பதைவிட விடப்பட்டது என்று சொல்ல வேண்டும். மொட்டைப்பாறைப் பக்கம் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிற குதிரைகள் உண்டு. பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் நின்றதும், நடக்க மாட்டாத ஒன்றை எவனோ கொண்டுவந்து எங்கள் ஃபாக்டரிக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டான். சேணத்துணியில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டால் உபயோகத்தில் இல்லை என்றது.

கொழுந்து வாட்டுகிற கூடத்துக்கு இன்னும் பாதிக் கூரை இருக்கிறது. அந்தப் பாதிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. பெட்டைக் குதிரை. வெள்ளை என்று சொல்லலாம், குளிப்பாட்டினால். விலா எலும்பை எண்ணிவிடலாம். எனக்கு முதலில் கண்ணில் பட்டது முன்னங்கால் குளம்புகள். இரண்டும் அகப்பை மாதிரி முன்னால் நீண்டு, நுனி மேல்நோக்கி வளைந்திருந்தன. அது குதிகாலில் நின்றது. ஒரு எட்டு வைக்க வேண்டுமென்றால் இடுப்பை ஆட்டி, காலைத் தூக்கி வீசி, பிறகு யோசித்து வைத்தது. பின்னங்கால் குளம்பு அழுகி நாற்றம் அடித்தது.

அழகுத்தாய் விறகுக்குப் போனவள் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம்.

"இதுக்குக் கவாத்துப் போடணும்யா" என்றாள்.

"ஆமா" என்றேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு மிருக ஆசுபத்திரி தோன்றியிருக்கும். நாங்கள் வருடக்கணக்கில் வளர்ந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். வளர்ந்து கிடந்தால் வெட்ட வேண்டும். அதையும் ஒரே நாளில் வெட்ட வேண்டும். இன்றைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சம் என்று கவாத்துப் போடுகிறவனை எங்கள் ஊரில் வேலைக்காரன் என்று யாரும் மதிக்க மாட்டார்கள். மொட்டையாக இறக்கி விட்டால் செடி தானாகத் துளிர்க்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

இரண்டு நாள் கழித்து ஒரு வெயில் வெளுத்த காலையில் வேலையை வைத்துக்கொண்டோம். ஜீப் ஓட்டுகிற ஜிபி தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். சாக்குச் சுற்றிய மரக்கட்டையின் மேல் குதிரையின் காலைத் தூக்கி வைத்தோம். நான் சுண்ணாம்புக்கட்டியால் குளம்பின் மேல் கோடு போட்டேன். நுனியிலிருந்து எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கண்ணுக்கு அழகாக எங்கே இருந்ததோ அங்கே போட்டேன். அழகுத்தாய் கைரம்பத்தால் நுனியை அறுத்துத் தள்ளினாள். பிறகு கத்தியை எடுத்து அடிப்பக்கம் சீவினாள். இடது கால் முடிந்தது. குளம்பின் அடி கொஞ்சம் ரோஸ் நிறமாகத் தெரிந்தது. நல்ல வேலை என்று நினைத்தேன்.

வலது காலுக்கு வந்தோம். நான் பழக்கதோஷத்தில், "இன்னும் இறக்கு" என்றேன். அவள் சீவினாள். "இன்னும் இறக்கு" என்றேன். குதிரை உடம்பெல்லாம் குலுங்கியது. ஜிபி, "சேட்டா, போதும்" என்று கத்தினான். அப்போதுதான் சாக்கைப் பார்த்தேன். சாக்கு நனைந்து சிவந்திருந்தது. "நிறுத்து, நிறுத்து" என்றேன். அவள் நிறுத்தினாள். குதிரை காலை உருவிக்கொண்டு இரண்டு எட்டு வைத்து, முன்னங்கால் மடங்கி உட்கார்ந்து, பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. கத்தவே இல்லை. மூச்சு மட்டும் பெரிதாக வந்தது.

அடுத்ததாகச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். செடியில் பெரிய கொம்பை வெட்டினால் வெட்டுவாயில் துருசும், அதாவது மயில்துத்தமும், சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவது வழக்கம், பூசணம் பிடிக்காமல் இருக்க. நான் ஓடிப்போய் வீட்டிலிருந்து துருசு எடுத்து வந்து குழைத்துக் கொடுத்தேன். அவள் அந்தப் பச்சைப் புண்ணில் பூசினாள். குதிரை அப்போதுதான் கத்தியது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் ஜிபி போய் மிருக டாக்டரைக் கூட்டி வந்தான். டாக்டர் ஜோமோள் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. ஜீப்பிலிருந்து இறங்கியதும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நேரே குதிரையிடம் போய் உட்கார்ந்தார். குளம்பைக் கழுவிப் பார்த்தார்.

"இது யாரு செய்தது?"

"நான்தாம்மா" என்றாள் அழகுத்தாய்.

"சேச்சி, நகத்துக்கு உள்ளே நமக்கு ஜீவன் இருக்கில்லையா? அதே போல இதுக்கும் இருக்கு. இதை ஒரு வருஷமாயிட்டு யாரும் நோக்கவில்லை. உள்ளே இருக்கிற எலும்பே இடம் மாறியிருக்கு. ரெண்டு ஆழ்ச்சைக்கு, ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை, இத்தனை இத்தனை" என்று கட்டைவிரல் நகத்தைக் காட்டினார், "எடுக்கணும். ஒரு வருஷம் எடுக்கணும். இப்படி ஒரே நாளில் வெட்டச் சொன்னது யாரு?"

நான் அளவுக்கம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றேன்.

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் வெட்டுனேன்."

"அந்தத் துருசு?"

"அதும் நான்தான்."

ஜிபி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருடம் இருநூறு பேரை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

டாக்டர் கட்டுப் போட்டு, ஊசி போட்டு, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பத்து நாளைக்குள்ளே சொந்தமா எழுந்து நிக்கணும். நின்னில்லைன்னா இது வேதனை தின்னே சாகும். அப்போ நான்தான் இஞ்ஜெக்ஷன் கொடுத்து முடிக்கணும். சேச்சிக்கு மனசிலாச்சா?"

"ஆச்சும்மா" என்றாள்.

அந்தப் பத்து நாளும் மழை. குதிரை ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒரு நாளைக்கு மூன்று தடவை புரட்ட வேண்டும். நான், அழகுத்தாய், ஜிபி, கிடைத்த இன்னொரு ஆள், நாலு பேருமாகக் கால்களில் கயிறு போட்டு மெல்லப் புரட்டுவோம். அடியில் காய்ந்த புல்லைத் திணித்த சாக்குகள். நனைந்தால் மாற்ற வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நனையும். அழகுத்தாய் கொழுந்துக்குப் போகவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுப்பது, காதில் பேசுவது, இந்த மாதிரி எதையும் அவள் செய்து நான் பார்த்ததில்லை. சாக்கை மாற்றுவாள். கட்டைப் பிரித்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவுவாள். திரும்பக் கட்டுவாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மழையைப் பார்ப்பாள். பாவப்பட்டுச் செய்கிற மாதிரியும் தெரியவில்லை, கடனே என்று செய்கிற மாதிரியும் தெரியவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

ஐந்தாம் நாள் வனிதா ஒரு வாளி நிறையக் கஞ்சியில் வெல்லம் கரைத்துக் கொண்டுவந்தாள். மெலிந்த மாட்டுக்கு நாங்கள் அதைத்தான் கொடுப்போம். நல்ல வேளை, டாக்டர் அன்றைக்கு வந்திருந்தார். வாளியைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கீழே வைத்தார். இனிப்பும் மாவும் உள்ளே போனால் குதிரைக்குக் குளம்பில்தான் கேடு வருமாம், காய்ந்த புல்தான் கொடுக்க வேண்டுமாம். "எனக்குத்தான் சுகர்னு பாத்தா இதுக்குமா?" என்று வனிதா கேட்டாள். அழகுத்தாய் அதற்கும் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அது எழுந்துவிட்டது. எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அழகுத்தாய் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது சுவரில் விலாவைச் சாய்த்துக்கொண்டு நின்றதாம், நாலு காலும் நடுங்கிக்கொண்டு. நான் கேள்விப்பட்டு ஓடினேன். வாசலில் நின்றே ஜிபியைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அடிச் சாக்கு எல்லாம் நனைஞ்சு போச்சுய்யா. அது நிக்கிறப்பவே மாத்திருவோம்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது பத்து மாதம். சொல்வதற்கு அதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி தெர்மோகோலைக் குளம்பின் அளவுக்கு வெட்டி அடியில் வைத்து டேப்பால் சுற்ற வேண்டும். பாதம் மெத்தைமேல் நிற்கிற மாதிரி இருக்கும். குதிரை மிதித்து மிதித்து இரண்டு நாளில் அது அப்பளமாகிவிடும், புதிதாக வைக்க வேண்டும். ஜிபி வண்டிப்பெரியாரில் டிவி கடை, பிரிட்ஜ் கடை எல்லாம் ஏறி இறங்கித் தெர்மோகோல் பொறுக்கி வந்தான். ஜீப்பில் ஆள் ஏறுகிற இடத்தில் தெர்மோகோல் உட்கார்ந்து வரும். பின்னங்கால் அழுகலுக்கு மட்டும் துருசுத் தூள், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பை வெட்டுவது. வெட்டுவது என்றுகூடச் சொல்ல முடியாது. அழகுத்தாய் கத்தியைத் தொடவில்லை. அரத்தை வைத்துத் தேய்ப்பாள். நகத்தூள் மாதிரி கொஞ்சம் விழும். டாக்டர் குனிந்து பார்த்து, "போதும் சேச்சி" என்றதும் நிறுத்திவிடுவாள். ஒரு நாளும் அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்ததில்லை.

மூன்றாம் மாதம் டாக்டர் எங்களுக்கு ஒன்று காட்டினார். குளம்பின் மேல்பக்கம், மயிர் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, குறுக்கே ஒரு பள்ளமான வரி ஓடியது. "சேச்சி வெட்டின அன்னைக்கு இதுக்கு உடம்பு முழுக்க அடிபட்டுப் போச்சு. அன்னைக்குக் குளம்பு வளர்றது நின்னுபோச்சு. அந்த நாள்தான் இந்த வரி. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கும். இது தரையைத் தொடும்போது பழைய குளம்பு முழுக்கப் போயிருக்கும். அதுக்குப் பிறகு புதுசு."

அழகுத்தாய் அந்த வரியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அரத்தை எடுக்கும் முன் அதைத் தொட்டுப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். என் கண்ணுக்கு அது நான் சுண்ணாம்பால் போட்ட கோடாகத்தான் தெரியும்.

அந்த வருடம் ஒருவரும் அவளைக் கவாத்துக்குக் கூப்பிடவில்லை. "குதிரைக் காலை நாசம் பண்ணுனவ, செடியை என்ன செய்வாளோ" என்று டீக்கடையில் ஒருத்தன் சொன்னான். நாலு பேர் தலையாட்டினார்கள். நான் அங்கேதான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆறிப்போன டீயை மறுபடி மறுபடி ஆற்றினேன். வீட்டுக்கு வந்தால் வனிதா கேட்டாள், "அவ கைக்குக் கெட்ட பேரு. இன்னும் இறக்கு, இன்னும் இறக்குன்னு சொன்ன வாய்க்கு என்ன பேருங்க?" ஜிபி அவளிடம் சொல்லியிருக்கிறான். நான் தொப்பியைத் தேடினேன். தொப்பி தலையில்தான் இருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை முயன்றேன். ஒருதடவை அவள் அரம் தேய்க்கும்போது, "அழகுத்தாயி, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். "அந்தக் காலக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கய்யா" என்றாள். தூக்கிப் பிடித்தேன். இன்னொரு தடவை நான் வாயைத் திறக்குமுன் டாக்டர் வந்துவிட்டார். மூன்றாம் தடவை யாரும் குறுக்கே வரவில்லை. என் தைரியம்தான் வரவில்லை.

வனிதா குதிரைக்குப் பெயர் வைக்கச் சொன்னாள். "அது குதிரைதானக்கா" என்றாள் அழகுத்தாய். ஜனவரியில் அது கூடத்தை விட்டு முற்றத்துக்கு வந்தது. பிப்ரவரியில் ஃபாக்டரி கேட் வரைக்கும். மார்ச்சில் தெர்மோகோலைக் கழற்றினோம். வயிறு தெளிந்து, மயிர் உதிர்ந்து புதிதாக வந்து, உண்மையிலேயே வெள்ளைக் குதிரையாகிவிட்டது. ஆனால் தார்ரோட்டில் இறங்க மாட்டேன் என்று நின்றுவிடும். அந்த வலது முன்னங்காலை ரோட்டில் வைத்துப் பார்த்து, எடுத்துவிடும். கடினமான தரையில் நடந்தால்தான் குணமாயிற்று என்று அர்த்தம், இல்லாவிட்டால் காலம் முழுக்க நொண்டிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழகுத்தாய் தினமும் ரோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போவாள், அது நிற்கும், திரும்பி வருவார்கள்.

ஏப்ரல் பதினாறு. வரி குளம்பின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தது. டாக்டர் வந்து பார்த்து, "இன்னைக்கு எடுத்துவிடலாம்" என்றார். அழகுத்தாய் அரத்தை வைத்து மெல்ல மெல்லத் தேய்த்தாள். வரி இருந்த விளிம்பு தூளாகி அவள் முழங்காலில் விழுந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் இருந்ததெல்லாம் வழுவழுப்பான புதுக் குளம்பு.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குப் போனோம். குதிரை ஓரத்தில் நின்றது. முன்னங்காலைத் தாரில் வைத்தது. எடுக்கவில்லை. மற்றக் காலையும் வைத்தது. பிறகு டக் டக் என்று சத்தம் கேட்க, பத்து, இருபது எட்டு, வளைவு வரைக்கும் நடந்து, அங்கே ரோட்டோரப் புல்லில் வாயை வைத்தது. டாக்டர் கைதட்டினார். ஜிபி விசில் அடித்தான். "சேச்சி, நான் சர்வீசில் இப்படி ஒரு கேஸ் பார்த்தது இல்லை" என்று டாக்டர் அவள் தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வேறு ஒரு மாட்டைப் பார்க்க ஜிபியின் ஜீப்பில் கிளம்பிப் போனார்.

நானும் அவளும்தான் மிச்சம். குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. இனியும் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"அழகுத்தாயி, கோடு போட்டது நான். இன்னும் இறக்குன்னு சொன்னது நான். டாக்டரம்மா கேட்டப்ப வாயத் தொறக்காம நின்னதும் நான்தான். டீக்கடையில உன்னையப் பேசுனப்பவும் சும்மா இருந்தேன். பத்து மாசமா என்னால ஒழுங்காத் தூங்க முடியல. நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடுதேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது.

"அய்யா, அன்னைக்கு நீங்க பேசுனது ஒண்ணுமே என் காதுல விழலய்யா."

"விழலயா?"

"கோடு போட்டீங்களா? நான் பாக்கல."

அவள் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலைல முதலமடையிலருந்து அவரு போன் பண்ணுனாரு. எத்தனையோ மாசங் கழிச்சு. நல்லா இருக்கியான்னு கேக்கல. ரேசன் கார்டுலருந்து எம் பேர எடுத்துக் குடு, இங்க ஒரு கார்டுல சேக்கணும், உன் கார்டுல எம் பேரு இருக்க வரைக்கும் சேக்க மாட்டேங்காங்கன்னாரு. சரின்னேன். போன வச்சேன். வச்சிட்டு அங்க வந்தேன்."

குதிரை புல்லைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

"ரத்தம் வந்தத மொதல்லயே பாத்துட்டேன்யா. நீங்க பாக்கதுக்கு முன்னாலயே. பாத்துட்டுத்தான் இன்னும் ரெண்டு தடவ சீவுனேன்."

"ஏம்மா?"

"அது துடிச்சுது. எனக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. இது இப்படித் துடிக்கே, நமக்கும் ஏதாவது வருதான்னு பாத்தேன்."

அவள் சொன்ன குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவள்மேல் கோபம் வந்தது, உடனே அந்தக் கோபத்துக்கு வெட்கமும் வந்தது. இந்தப் பத்து மாதமும் நானே பெரிய பாவி என்று நினைத்து, ஒருவகையில் அந்த நினைப்பிலேயே சுகமாக இருந்திருக்கிறேன். அவள் பக்கத்தில் இருந்து காலைத் தூக்கிப் பிடித்தேனே தவிர, அவளை ஒரு கேள்வி கேட்டதில்லை.

"வந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லய்யா. கீழ விழுந்து கெடந்தப்பவும் வரல. எந்திரிச்சப்பவும் வரல. இப்ப நடந்துச்சுல்ல, அப்பவும்..." என்று நிறுத்தினாள். கையில் இருந்த அரத்தைச் சேலையில் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"அவரு பேர நான் இன்னும் எடுத்துக் குடுக்கலய்யா. மாசாமாசம் போன் பண்ணுதாரு. சரி சரின்னு சொல்லி வச்சிருதேன். நாளைக்கு ரேசன் சப்ளை ஆபீசுக்குப் போயிரலாம்னு இருக்கேன். கூட வாரீங்களா? கையெழுத்துப் போடணுமாம்." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குப் பயமா இருக்குய்யா."

வருகிறேன் என்றேன். காலையில் முதல் ஜீப்பிலேயே போய்விடலாம் என்றேன்.